ஓவிய மண்டபமும் மெய்நிகர் அரங்கும்: பெங்களூர்ச் சிறு கலைக்கூடம் ஒன்றை முன்வைத்து

ஓவியத்தைக் காணுதல் தனியொருவரின் கண்வழிச் செயலா, கூடி நிற்போரின் உரையாடலா என்னும் வினாவிற்குப் பழந்தமிழ் இலக்கியம் ஒரே விடையைத் தரவில்லை. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறார். மதுரையிலிருந்து குன்றத்திற்கு வந்தோர் அங்குள்ள இரதி, காமன் உருவங்களைச் சுட்டி யார் என வினவுகின்றனர், உடனிருப்போர் விடையிறுக்கின்றனர். பூனையாகிய இந்திரனும் அகலிகையும் சினந்த கௌதமனும் அவ்வாறே சுட்டி அறிவிக்கப்படுகின்றனர். புலவரின் கவனம் வண்ணத்திலோ கோட்டிலோ நிலைகொள்ளாமல் சுட்டும் விரலிலும் கேட்கும் வாயிலும் நிலைகொள்வது நோக்கத்தக்கது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையும் புகார் நகரத்து மாளிகைச் சுவர்களில் எழுதப்பட்ட ஓவியங்களைக் கண்டு நிற்கும் மக்களைக் குறிப்பிடுகிறது.

இதற்கு நேர்மாறான காட்சி நெடுநல்வாடையில் உள்ளது. தலைவனைப் பிரிந்த பாண்டிமாதேவி, கட்டிலின்மேல் விதானமாக அமைந்த மெழுகு பூசிய துணியில், திங்களை விட்டு நீங்காத உரோகிணியின் ஓவியத்தைக் கண்டு பெருமூச்செறிகிறாள். செவிலியர் அருகிலிருந்து தேற்றுகின்றனர். எனினும் ஓவியம் பற்றி அவர்களிடம் அவள் ஏதும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றுமில்லை, அவ்வோவியம் அவளுடைய துயரமாகவே ஆகிவிட்டது. முன்னையது பொதுக்காட்சி, பின்னையது தனிக்காட்சி. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது எனல் பொருந்தாது. ஆழத்தில் நக்கீரர் காட்டும் பார்வைக்கு இணையானது அரிது.

பெங்களூரின் சிறு கலைக்கூடங்கள் நடத்தும் பொதுநிகழ்ச்சிகளை மதிப்பிட இவ்வேறுபாடு பயன்படும். சாந்திநகரில் கலை வரலாற்றறிஞர் சுரேஷ் ஜெயராம் 2003இல் தொடங்கிய '1 சாந்திரோடு' இங்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது. கட்டடக் கலைஞர் மீதா ஜெயின் வடிவமைத்த இவ்விடம், நாட்டு வாதுமை மரம் ஒன்றைத் தழுவி எழுந்த வீடு. விற்பனையை நோக்கமாகக் கொள்ளாத இக்கூடம் கண்காட்சி, படவில்லை உரை, கலைஞர் தங்கிப் பணிபுரியும் உறைவிடத் திட்டம் ஆகியவற்றால் அறியப்பட்டது. வீடும் கூடமும் ஒன்றாக இருப்பதே இதன் தனித்தன்மை எனலாம். ஓவியம் தொங்கும் சுவருக்கும் உணவு பரிமாறும் மேசைக்கும் இடையே தொலைவில்லை. உரையரங்கில் எழாத வினா உணவு மேசையில் எழுந்துவிடும்.

பியேர் பூர்தியூவும் அலேன் தார்பெலும் ஐரோப்பிய அருங்காட்சியகப் பார்வையாளர்களை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட நூல், வாயிலைத் திறந்து வைப்பதால் மட்டும் மக்கள் உள்ளே வந்துவிடுவதில்லை என்பதை நிறுவிற்று. கல்விப் பின்புலமே கண்ணுக்குத் தெரியாத வாயிற்காவலாக நிற்கிறது. பெங்களூரும் இதற்கு விலக்கன்று. கலைக்கூடப் படியேறக் கூசும் கால்கள் இந்நகரில் மிகுதி. அக்கூச்சத்தைக் குறைக்கும் முயற்சியாகவே கர்நாடகச் சித்திரகலா பரிஷத்து 2004 முதல் குமாரகிருபா சாலையில் நடத்திவரும் சித்திரச் சந்தையைக் கொள்ள வேண்டும். அங்கு ஓவியம் தெருவிற்கே வந்துவிடுகிறது. காய்கறியின் விலை கேட்பது போல ஓவியத்தின் பொருளும் கேட்கப்படுகிறது. மணிமேகலையின் புகார்த் தெருவிற்கு மிக அண்மையிலான காட்சி இது.

2020இல் பெருந்தொற்று இவ்வாயில்களை எல்லாம் அடைத்தது. 2021 சனவரியில் சித்திரச் சந்தை இணையவழியே நடந்தது. கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் கட்டடமாகத் திறக்கப்பட்ட கலை, ஒளிப்பட அருங்காட்சியகம், அதற்கு முன்பே 2020 திசம்பரில் மெய்நிகர் வடிவில்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. இம்மாற்றத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. வீட்டுப் பொறுப்பால் மாலையில் வெளிவர இயலாத பெண், படியேற இயலாத முதியவர், பெங்களூரைக் காணாத கல்லூரி மாணவர் ஆகியோருக்குக் கூச்சமின்றி நுழைய ஓர் இடம் கிடைத்தது. பூர்தியூ சுட்டிய வாயிற்காவல் ஓரளவு தளர்ந்தது என்றே கூற வேண்டும்.

ஆயினும் மெய்நிகர் நிகழ்வு தருவது எவ்வகைப் பார்வை? பாண்டிமாதேவியைப் போலப் பார்வையாளர் தம் அறையில் திரைமுன் தனித்திருக்கிறார். ஆனால் அவளுக்கிருந்த நீண்ட இரவு அவருக்கில்லை. நெறியாளர் அடுத்த படத்திற்கு நகர்த்திவிடுகிறார். தனிக்காட்சியின் தனிமை உண்டு, அதன் ஆழம் அரிது. பொதுக்காட்சியின் நிலையும் அத்தகையதே. வினாக்கள் தட்டச்சு செய்யப்படுகின்றன. நெறியாளர் தெரிந்தெடுத்தவை மட்டும் படிக்கப்படுகின்றன. எழுத்தில் இடுவதற்குத் தகுதியுடையது எனத் தோன்றும் வினாவே அங்கு எழுதப்படும். 'இது யார்?', 'இது என்ன?' என்பன போன்ற சிறு வினாக்களை அயலில் நிற்பவரிடம் தாழ்ந்த குரலில்தான் கேட்க முடியும். பரிபாடலில் கேட்கப்படுவன இத்தகைய சிறு வினாக்களே.

இவ்விழப்பு பெங்களூரில் மொழியிழப்பாகவும் அமைகிறது. இந்நகரக் கலைக்கூடங்களில் மேடைமொழி பெரிதும் ஆங்கிலமே. ஆனால் கூடத்தின் ஓரத்தில் நண்பர் நண்பருக்குத் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ உருதுவிலோ விளக்கிச் சொல்ல இடமிருந்தது. மேடையில் இல்லாத மொழிகள் ஓரத்தில் வாழ்ந்தன. திரைக்கு ஓரம் இல்லை. அனைவரின் ஒலிவாங்கியும் அணைக்கப்பட்ட அரங்கில் ஒரு மொழியே எஞ்சுகிறது.

தமிழாய்வு இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெங்களூரில் தமிழும் பொதுவெளிக் கலையும் சந்தித்த நிகழ்வாக நினைவுகூரப்படுவது, 18 ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்டில் அல்சூரில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையே. சிலை திறக்கப்பட வேண்டும் என்று எழுந்த குரலில் நூற்றில் ஒரு பங்கும், இக்காலக் கலையைத் தமிழில் பேசுவதற்கான சொற்களை உருவாக்குவதில் எழவில்லை. சங்கப் பாடல்களில் ஓவியச் செய்திகளைத் தொகுக்கும் கட்டுரைகள் நம்மிடம் ஏராளம். அயல்தெருக் கலைக்கூடத்தில் நிற்கும் தமிழர் என்ன கேட்பார் என்பதை நோக்கியவை மிகச் சில.

பதிவுசெய்த இணையவுரைகளுக்குத் தமிழில் எழுத்துவரிகள் சேர்த்தால் போதும் எனச் சிலர் கருதக்கூடும். அது விரும்பத்தக்கதே. எனினும் எழுத்துவரி உரையாளரின் கூற்றை மட்டுமே மொழிபெயர்க்கும். வினவியவரின் குரல் அப்பதிவில் முதலிலேயே இடம்பெறவில்லை.