வினைமுற்றும் பாத்திரப் படைப்பும்

புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய ‘சுழல்’ (2022) தொடரில் ரெஜினா காவல் ஆய்வாளர்; மகன் அதிசயத்தைத் தேடும் தாயும் அவரே. இவ்விரு நிலைகளும் ஒரே பாத்திரத்துள் மோதுவதே படைப்பின் வலிமை. இம்மோதலைத் தெலுங்கில் பெயர்ப்போர்க்கு வினைமுற்றே சிக்கலாகிறது. தமிழில் ‘வந்தாள்’, ‘வந்தது’ என்பன வேறு வேறு. தெலுங்கிலோ ‘வச்சிந்தி’ என்பது பெண்ணுக்கும் அஃறிணைக்கும் பொது. ‘வச்சாரு’ என்பது மரியாதை வடிவம். சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் இருமொழியும் அறிந்தோர் இவ்வேறுபாட்டை நன்குணர்வர். ‘வச்சிந்தி’ தெலுங்கு இலக்கணப்படி இழிவன்று. தமிழ்ச்செவிக்கு அது அஃறிணையாக ஒலிக்குமென்று அஞ்சி எங்கும் ‘வச்சாரு’ என்றே பெயர்த்தால், கணவர் சொல்லும் காவலர் சொல்லும் ஒன்றாகிவிடும். அதிகாரி மட்டும் எஞ்சுவார், தாய் மறைவார். எனவே வினைமுற்றைத் தேர்வதற்குச் சொல்லுக்குச் சொல் நேர் என்பது அளவுகோலன்று. பேசுவோர்க்கும் பாத்திரத்துக்குமுள்ள உறவே அளவுகோல்.