பெருவிடுதியும் திருமடமும்

ஒரு நகரின் குடிமை வாழ்வை ஆராயப் புகுவோர் அதன் மன்றத்தையும் அங்காடியையும் முதற்கண் நோக்குவர். அயலூரிலிருந்து வந்த வழிப்போக்கனை அந்நகர் எங்ஙனம் ஏற்றது என்பதை நோக்குவோர் சிலரே. அமெரிக்க வரலாற்றாசிரியர் சிலர் இவ்வழியே சென்று, தம் நாட்டுப் பெருவிடுதிகளைக் குடியாட்சியின் உறைவிடங்கள் எனப் போற்றினர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதையும், நம் திருக்கேதீஸ்வரத்து மடங்களை அதனோடு ஒப்புநோக்குதல் தகுமா என்பதையும் இங்கு ஆராய்வாம்.

பொஸ்தன் நகரில் 1829 இல் திறக்கப்பெற்ற திறெமொன்ற் விடுதி 170 அறைகளைக் கொண்டது. நியூயோர்க்கில் அஸ்ரர் விடுதி 1836 இல் எழுந்தது. இவற்றின் கூடங்களில் வணிகரும் அரசியலாரும் கூடினர், விருந்துகள் நிகழ்ந்தன. மக்களின் மாளிகை என அவை பாராட்டப்பெற்றன. பணம் தரும் தக்க வழிப்போக்கனை, இடமிருக்க மறுத்தல் ஆகாது என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. ஆயினும் கறுப்பின மக்களுக்கு அவ்விதி பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 1964 இல் குடியுரிமைச் சட்டம் வந்து, அற்லாந்தா நகர் விடுதி வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்த பின்னரே நாடெங்கும் கதவு திறந்தது. ஆதலின் மாளிகை எழுந்தது முன். மக்கள் உட்புகுந்தது பின். மேற்கூறிய புகழ்ச்சி பாதி உண்மையே.

இனி நம்மவர் நிலை யாது? இராமேசுவர யாத்திரை வழியில் ஒரத்தநாடு முதலிய இடங்களில் தஞ்சை மராத்திய மன்னர் சத்திரங்கள் அமைத்தனர். அவை தொடர வேண்டுமென 1801 இல் ஆங்கிலேயருக்கு எழுதிய சரபோசி மன்னர், எல்லாச் சாதியாரும் அங்கு உணவு பெறுவதாகவும், சமைத்த சோற்றை உண்ணாதார்க்கு அரிசி வழங்கப்பெறுவதாகவும் கூறினார். யாவர்க்கும் உணவு உண்டு. ஒரே பந்தி இல்லை. நம் அறத்தின் பெருமையும் குறையும் இவ்வொரு செய்தியிற் புலப்படும்.

திருக்கேதீஸ்வரத்தில் 1948 இல் திருப்பணிச் சபை தோன்றியது. 1976 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பாலாவியில் நீராடி வரும் அடியார் தங்குதற்கு மடங்கள் எழுந்தன. விலை பெறாது இடமளித்தலில் அவை அமெரிக்க விடுதிகளினும் மேலானவை. ஆயின் விலையின்மை ஒன்றே பொதுமையாகாது. சாதியால் ஒருவரை ஒதுக்குதலை 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனினும் 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவே போராட்டக்களமாயிற்று. சட்டம் பூட்டைத் திறக்கலாம். உள்ளத்தைத் திறத்தல் கல்வியின் கடன்.

1990 இல் போரினால் மக்கள் இடம்பெயர, மடங்கள் பல சிதைந்தன. புதுக்கப்பெற்ற ஆலயத்திற்கு 2022 இல் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது. சிதைந்த மடங்களை எடுத்துக் கட்ட முனைவோர் தூணின் உயரத்தையும் அறையின் தொகையையும் மட்டும் எண்ணுதல் போதாது. வருவோன் எவ்வூரினன், எக்குலத்தினன் என வினவாத வாயிலும், யாவரும் ஒருங்கிருந்து உண்ணும் பந்தியும் அங்கு அமைதல் வேண்டும். அவை அமையின் சிறு குடிலும் பெருமடமாம். அமையாவிடின் கருங்கல் மாளிகையும் வெறுங்கட்டடமேயாம்.