கல்லைத் தத்தெடுக்கிறவர்கள்

'தத்தெடுப்பு' என்கிற சொல்லையே முதலில் கட்டுடைப்போம். பழைய இந்து சட்டத்தில் சொந்தச் சாதிக்குள்தான் தத்து எடுக்கலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அந்தச் சொல்லைத்தான் 2017இல் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் நினைவுச்சின்னங்களின்மேல் ஒட்டியது. 2018இல் டால்மியா பாரத் நிறுவனம் 5 ஆண்டுக்கு 25 கோடி ரூபாய் என்று செங்கோட்டையை ஏற்றது. 2023 செப்டம்பரில் இந்தியத் தொல்லியல் துறை அதையே 'தத்தெடுப்பு 2.0' என்று விரித்தது.

"கோட்டையையே வித்துட்டான்" என்கிறார்கள் தோழர்கள். விற்கவில்லை. உடைமை அரசிடம்தான். கம்பெனி செய்யவேண்டியது சுகாதாரம், அணுகுவசதி, பாதுகாப்பு, அறிவு என்று நான்கு தலைப்பில் இருக்கிறது. இந்தப் பிரதியை நம்ம சேரியிலிருந்து வாசித்தால் முதலும் கடைசியும்தான் உறுத்துகின்றன.

சுகாதாரம் என்றால் யார் கூட்டுவது, யார் கக்கூஸ் கழுவுவது? துறை நேரடியாக ஆள் எடுத்தால் இடஒதுக்கீடு உண்டு. கம்பெனிக்கும் அதன் ஒப்பந்தக்காரருக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. துடைப்பம் நம்ம கைக்கு வரும்; மேஸ்திரி நாற்காலி வராது.

அறிவு என்றால் பலகையில் எழுதுவது, காதில் மாட்டும் கருவியில் பேசுவது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் ராஜராஜன் காலத்திலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கல் மறைக்காததைப் பலகை மறைக்கும். அரசுப் பலகையே அதைச் சொல்லத் தயங்கும்போது, விளம்பரத்துக்கு வருகிற முதலாளியா சொல்லப்போகிறான்?

எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். சித்தன்னவாசல் சமணர் குகையும் திருமயம் கோட்டையும் தொல்லியல் துறையின் காவலில் இருப்பவை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் போகப் பொதுமக்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் ஏட்டிலுள்ள உரிமை தானாக நடந்து வராது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம்ம சனங்க குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன கலெக்டர் முன்னே நடந்த பிறகுதான் பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அவர்கள் கால்வைக்க முடிந்தது. தீண்டாமையை 17ஆம் உறுப்பு ஒழித்து எழுபது வருசத்துக்கு மேல் ஆன பிறகு!

அரசு யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. அங்கே மனு கொடுக்கலாம், மறியல் செய்யலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம், வன்கொடுமைச் சட்டத்தில் கடமை தவறிய அதிகாரியைக் கூண்டிலேற்றப் போராடலாம். கம்பெனி தகவல் உரிமைச் சட்டத்துக்குள் நேரடியாக வராது. துறையைக் கேட்டால் கம்பெனியைக் காட்டும். கம்பெனியைக் கேட்டால் துறையைக் காட்டும்.

அதனால் "தனியார் வேண்டாம்" என்று முழங்குவதோடு நிற்கக்கூடாது. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகளை எழுதச் சொல்வோம். துப்புரவு முதல் மேற்பார்வை வரை எல்லா வேலையிலும் இடஒதுக்கீடு. பலகை வாசகங்களை நிறுத்துமுன் கிராமசபையில் வைத்து ஒப்புதல். 18ஆம் பிரிவின் உரிமையை எவன் தடுத்தாலும் ஒப்பந்தம் ரத்து.

கல் சுமந்து கட்டியவனின் பேரன் அங்கே கூட்டுகிறவனாக மட்டும் நுழைவதற்குப் பெயர் பாரம்பரியம் என்றால், அந்தப் பாரம்பரியத்தை யாரும் தத்தெடுக்க வேண்டாம்.