ஒழுக்கத்துக்குப் புள்ளி போட முடியுமா? ஜோசப் நையின் நூலை முன்வைத்து



‘அமெரிக்க வெளியுறவுக் கொள்கையைத் தீர்மானிப்பது நாட்டு நலனா, ஒழுக்க நெறியா? விவாதிக்கவும்.’ இப்படி ஒரு கேள்வி வந்தால் பெரும்பாலும் இரண்டு வகைப் பதில்தான் வரும். ஒன்று, ‘எல்லாம் எண்ணெய்க்காகத்தான், நெறி என்பது முகமூடி.’ மற்றொன்று, ‘மனித உரிமையைக் காக்க அமெரிக்கா பாடுபடுகிறது.’ முதல் பதில் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், இரண்டாவது வெள்ளந்தியாகத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் குறை ஒன்றேதான்: எந்த ஒரு முடிவையும் எடுத்து வைத்து ஆராய்வதில்லை. ஆராயாமலே தீர்ப்பு எழுதிட்டா புள்ளி எப்படி வரும்?

இந்தக் குறையைப் போக்க உதவும் நூல் ஒன்று இருக்கிறது. ஜோசப் நை எழுதி 2020இல் வெளிவந்த ‘டு மோரல்ஸ் மேட்டர்?’ என்ற நூல். ‘ஒழுக்கத்துக்கு இடமுண்டா?’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். ‘மென்சக்தி’ என்ற சொல்லை உலக அரசியலுக்குத் தந்தவரும் அவர்தான். ரூஸ்வெல்ட் முதல் டிரம்ப் வரை 14 அதிபர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வெளியுறவுக் கொள்கைக்கு ஏறக்குறைய நாம் கட்டுரைக்குப் புள்ளி போடுவது போலவே மதிப்பீடு செய்கிறார்.

அவர் கேட்பது மூன்று கேள்விகள். நோக்கம் நல்லதா? கையாண்ட வழி முறையானதா? விளைவு என்ன? இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கணும், ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது அவர் வாதம்.

இதன் பயன் என்ன என்று கேட்கிறீர்களா? ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் ஈராக் மீது போர் தொடுத்தார். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டது, ஆனால் கிடைக்கவில்லை. மத்திய கிழக்கில் ஜனநாயகத்தை வளர்க்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் நோக்கம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. கிடைத்த தகவலைச் சரியாகச் சோதிக்காமல், போருக்குப் பின் என்ன செய்வது என்று திட்டமிடாமல் இறங்குவதும் ஒழுக்கக் குறைதான் என்கிறார் நை. அதே புஷ் அதே 2003இல்தான் எய்ட்ஸ் நோய்க்கு எதிராக ஐந்து ஆண்டுகளுக்கு 15 பில்லியன் டாலர் திட்டத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேர் அதனால் உயிர் பிழைத்தார்கள். ‘புஷ் நல்லவரா, கெட்டவரா?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘இந்த முடிவில் நோக்கம், வழி, விளைவு என்ன?’ என்று கேட்டால் கிடைக்கும்.

நாட்டு நலன் பற்றி நை சொல்வதும் கவனிக்க வேண்டியது. எல்லாத் தலைவர்களும் நாட்டு நலனுக்காகத்தான் செயல்படுகிறார்கள். அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நலனை அவர் எவ்வளவு குறுகலாக, எவ்வளவு விரிவாக வரையறுத்தார் என்பதில்தான் நெறி வந்து நிற்கிறது. ட்ரூமன் கொரியப் போரில் மீண்டும் அணுகுண்டைப் பயன்படுத்த மறுத்தார். ‘நம் வீரர்கள் சாகிறார்கள், குண்டைப் போடு’ என்பதும் ஒரு வகை நாட்டு நலன்தான். ‘குண்டு சாதாரண ஆயுதமாகிவிட்டால் நாளை நமக்கே ஆபத்து’ என்பதும் நாட்டு நலன்தான். ட்ரூமன் இரண்டாவது பக்கம் நின்றார்.

இதுவரைக்கும் நூலின் பலம். இனிக் குறைக்கு வருவோம்.

நை அதிபர்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார். ஜெரால்ட் ஃபோர்டுக்கு நடு அடுக்கில் இடம். 1975 ஆகஸ்டில் 35 நாடுகள் கையெழுத்திட்ட ஹெல்சிங்கி உடன்பாடு அவர் காலத்தது. அதிலிருந்த மனித உரிமைப் பகுதி பின்னாளில் கிழக்கு ஐரோப்பியப் போராளிகளுக்குக் கைத்தடியானது. நியாயமான புள்ளிதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் நம் வட்டாரத்தில் என்ன நடந்தது தெரியுமா?

டிசம்பர் 6ஆம் தேதி ஃபோர்டும் அவருடைய வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரும் ஜக்கார்த்தாவில் அதிபர் சுகார்த்தோவைச் சந்தித்தார்கள். கிழக்குத் திமோர் விஷயத்தில் கடும் நடவடிக்கை தேவைப்படலாம் என்றார் சுகார்த்தோ. புரிந்துகொள்வோம், நெருக்கமாட்டோம் என்ற பொருளில் ஃபோர்டு பதில் சொன்னார். அமெரிக்க ஆயுதங்களைப் பயன்படுத்துவது சிக்கலாகலாம் என்று எச்சரித்த கிஸ்ஸிஞ்சர், எது நடந்தாலும் தாங்கள் ஊர் திரும்பிய பிறகு நடந்தால் நல்லது என்றும் சொன்னார். உரையாடல் பதிவு 2001இல் முழுமையாக வெளிவந்தது. மறுநாள் டிசம்பர் 7, இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது. 1974 முதல் 1999 வரையிலான மோதலில் குறைந்தது ஒரு லட்சம் பேர் இறந்தார்கள் என்று திமோரின் உண்மை ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள். அன்று கிழக்குத் திமோரின் மக்கள்தொகை ஏழு லட்சம்கூட இல்லை.

இப்போது ஒரு கேள்வி. ஹெல்சிங்கிக்குக் கிடைத்த புள்ளியையும் டிலிக்குக் கழித்த புள்ளியையும் கூட்டிச் சராசரி எடுக்கலாமா? மாணவர் கட்டுரையில் முடிவுரை பலவீனமாக இருந்தால் நல்ல முன்னுரை ஈடு செய்யும். உயிர் விஷயத்தில் அப்படி ஈடு செய்ய முடியுமா? நையின் புள்ளித் திட்டத்துக்கு இந்த இடத்தில் விடை இல்லை.

இரண்டாவது குறை, புள்ளி போடுகிறவர் யார் என்பது. நை வெறும் பேராசிரியர் அல்லர். கார்ட்டர் அரசில் வெளியுறவுத் துறையிலும், கிளின்டன் அரசில் உளவு மதிப்பீட்டுக் குழுவிலும் தற்காப்புத் துறையிலும் உயர்பதவி வகித்தவர். உள்ளே இருந்தவருக்குத் தலைவர்களின் நெருக்கடி நன்றாகப் புரியும், அது நூலுக்குப் பலம். ஆனால் வாங்கியவனின் வலி அந்த மேசையில் உட்காருவதில்லை. திருத்துகிறவரின் சாய்வு புள்ளித் திட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம் என்பது ஆசிரியர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். நை அதிபரை மட்டுமே அளக்கிறார். திமோர் கதையைத் திருப்பியது அதிபர் அல்லர். 1991 நவம்பர் 12ஆம் தேதி டிலியின் சாந்தா குரூஸ் இடுகாட்டில் ஊர்வலம் வந்தவர்கள் மீது படையினர் சுட்டதை ஒரு வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர் பதிவு செய்தார். படம் உலகம் முழுக்கப் போனது. மறு ஆண்டே அமெரிக்கக் காங்கிரஸ் இந்தோனேசிய ராணுவத்துக்கான பயிற்சி நிதியை வெட்டியது. 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் விடுதலைப் பக்கம் நின்றார்கள். அதையடுத்து வன்முறை வெடித்தபோது கிளின்டன் ராணுவ உறவை நிறுத்தி நெருக்கினார். செப்டம்பரில் ஆஸ்திரேலியா தலைமையில் அமைதிப்படை இறங்கியது.

‘பனிப்போர் முடிந்துவிட்டது, 1997 நிதி நெருக்கடியில் இந்தோனேசியா தளர்ந்திருந்தது, அதனால் நெறி பேசுவது மலிவாகிவிட்டது, அவ்வளவுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. விலை குறைந்தபோதுதான் நெறிக்கு வழி கிடைத்தது. ஆனால் விலை குறைந்தால் மட்டும் யாரும் வாங்கிவிட மாட்டார்கள். கேட்க ஆள் வேண்டும். பத்திரிகையாளர்கள், தேவாலயக் குழுக்கள், சில காங்கிரஸ் உறுப்பினர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் திமோர் மக்கள், 24 ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாட்டு நலன் என்ற சொல்லுக்குள் தங்களையும் நுழைத்தார்கள். ‘நெறி முகமூடிதான்’ என்று எல்லாரும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த 1999 வந்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1975 டிசம்பர் 12ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் இந்தோனேசியா வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது அமெரிக்கா வாக்களிக்காமல் விலகிக்கொண்டது. சிங்கப்பூரும் விலகிக்கொண்டது. மலேசியா எதிர்த்து வாக்களித்தது. பெரிய அண்டை வீட்டோடு பகை வேண்டாம் என்பது அன்றைய கணக்கு. அமெரிக்காவைப் பார்த்து நீட்டும் விரலைக் கொஞ்சம் திருப்பியும் பார்க்கணும், இல்லையா?

மாணவர்களே, கேள்வி வரும்போது நையின் மூன்று கேள்விகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கூடவே இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: விலை கொடுத்தது யார்? ‘இது நம் நலன் அல்ல’ என்று மறுத்துச் சொன்னது யார்? ஒரே ஒரு முடிவை எடுத்து, தேதியோடு, இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களே, ஒரு பாடவேளையில் வகுப்பை இரண்டாகப் பிரித்து, 1975க்கும் 1999க்கும் தனித்தனியாகப் புள்ளி போடச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகளிலும் இந்தோனேசியா அமெரிக்காவுக்கு வேண்டிய நாடுதான். முடிவு ஏன் மாறியது என்பதை மாணவர்கள் வாயிலிருந்தே வரவழையுங்கள். அந்த விடையை எழுதத் தெரிந்த மாணவருக்கு இந்தத் தலைப்பு மனப்பாடம் தேவைப்படாது.