முகப்பில் அடங்கிய திரை

லாரியின் டாஷ்போர்டில், அதாவது ஓட்டுநருக்கு முன்னால் மானிகளும் பொத்தான்களும் அமைந்த முகப்புப் பலகையில், கணினித் திரையைப் பதிக்கும் வேலையின் நயத்தை அறிய விரும்புவோர் திரையின் அகலத்தை அளப்பதைவிட, அது அங்கே எவ்வளவு அடங்கி உட்கார்ந்திருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிக்கொண்டு வடமாநிலங்களுக்குச் செல்லும் ஓட்டுநருக்குப் பல நாட்கள் வீடும் திண்ணையும் அந்தக் கேபின்தான் என்பதால், அதன் முகப்பில் செய்யப்படும் எந்த மாற்றமும் வீட்டு வாசலில் செய்யும் மாற்றத்துக்கு ஒப்பானது.

எஞ்சினும் சக்கரமும் கொண்ட வெறும் சேசிஸை நிறுவனத்திடம் வாங்கி, கேபினைப் பட்டறையில் கட்டிக்கொள்ளும் வழக்கம் இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் அதனால் பெயர்பெற்றன. மரத்தாலும் பிளைவுட்டாலும் செய்து ரெக்சின் போர்த்திய அத்தகைய முகப்பில், திரையின் அளவுக்கேற்ப ஆசாரியின் உளி இடம் அமைத்துக் கொடுத்துவிடும். தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக் முகப்போ முன்பே வகுத்த திறப்பை மட்டுமே தரும். ஜெர்மானியத் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கத்தால் ‘டபுள் டின்’ எனப்படும் திறப்பு, சுமார் 178 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இன்று விரும்பப்படும் 9, 10 அங்குலத் திரைகள் அதற்குள் அடங்காமல் வெளியே துருத்தி நிற்பதால், சுற்றிலும் சட்டம் செய்து அந்தத் துருத்தலை மறைப்பதிலேயே கைத்திறன் வெளிப்படுகிறது.

கரிசல் பூமி இந்த வேலைக்குக் கடுமையான தேர்வு வைக்கிறது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகக் கோவில்பட்டிக்கு இறங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெரும்பாலும் தெற்கு நோக்கியே செல்வதால், பிற்பகல் வெயில் ஓட்டுநரின் வலப்பக்க ஜன்னல் வழியே சாய்ந்து நுழைந்து நடுவிலுள்ள திரையின் மேல் விழும். வரைபடம் மறைந்து வானமும் ஓட்டுநரின் முகமுமே அதில் தெரியும். திரையைச் சிறிது உள்வாங்கிப் பதித்து, வீட்டு முகப்புச் சாய்ப்பைப் போல மேற்புறமும் வலப்புறமும் நிழல் விளிம்பு அமைத்து, ஓட்டுநரின் பக்கம் சற்றே திருப்பிவைத்தால் அந்தக் குறை பெருமளவு நீங்குகிறது. கோடையில் வெடிக்கும் கரிசல் மண்ணின் நுண்ணிய தூசி எந்த இடுக்கிலும் புகுமாதலால் சட்டத்தின் உட்புறம் ஃபோம் நாடா ஒட்ட வேண்டும், ஆனால் வெப்பம் வெளியேறப் பின்பக்கம் அடைபடக் கூடாது. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு தேவைகளையும் ஒரே சட்டத்தில் நிறைவேற்றுவது எளிதன்று.

கண்ணுக்குத் தெரியாத வேலையே இதில் பாதி. கனரக லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள். திரைக்குப் பொதுவாக 12 வோல்ட் போதும் என்பதால் ஒரே பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துவிடுவது அவசர வேலை, அதனால் இரண்டும் சமமின்றித் தேய்ந்து ஒன்று விரைவில் செயலிழக்கிறது. இரண்டிலிருந்தும் எடுத்து, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வழியாகத் தனி ஃபியூஸுடன் கொடுப்பதே நேர்மையான வேலை. தீப்பெட்டி ஏற்றும் வண்டியில் அதற்கு மாற்றுக் கருத்து இருக்க முடியாது. வண்டி ஓடும்போது படம் ஓடாமல் தடுக்கும் பிரேக் கம்பியை ஏமாற்று இணைப்புக் கொடுத்து முடக்காமல் முறையாக இணைத்திருப்பதும் அதே நேர்மையைச் சேர்ந்தது.

முகப்பின் நடுவிடம் வழக்கமாகச் சாமி படத்துக்கு உரியது. திரைக்காக அந்தப் படத்தை மூலைக்குத் தள்ளிய முகப்பு, எவ்வளவு செலவு செய்திருந்தாலும், பார்ப்பதற்கு ஒவ்வாமலே இருக்கிறது. படத்தை மேலே அதன் இடத்திலேயே விட்டு, திரையை அதற்குக் கீழே பதித்ததே ஓட்டுநர் விரும்பும் அமைப்பு. காலையில் படத்துக்குச் சாத்தும் ஈர மல்லிகைச் சரத்திலிருந்து சொட்டும் நீர் திரைமேல் வழியாதபடி, நிழல் விளிம்பின் மேல்புறத்தில் விரல் நகம் பதியும் ஆழத்துக்கு ஒரு காடி இழுத்து, அந்நீரை ஓரமாக வடியவிட்டிருந்தால், அது தேர்ந்த ஆசாரியின் வேலை.