நொக்ஸின் குரலில் ஒரு நாடு

இலங்கையைப் பற்றி எடுக்கப்பட்ட விவரணப்படங்களில் பசில் ரைட்டின் 'சோங் ஒஃப் சிலோன்' இன்றும் அதிகம் பேசப்படுவது. 1934இல் வந்த இதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். தேயிலை விற்கக் கொடுத்த காசில் ஒரு கலைப்படைப்பு பிறந்ததே வியப்புத்தான். அதன் உச்சம் மூன்றாம் பகுதி. யானை ஒன்று மரத்தை முட்டிச் சாய்க்கிறது, ஒருவர் தென்னையில் ஏறுகிறார். காதில் விழுவதோ சந்தை விலைகளும் தந்தி ஒலியும் வணிகக் கடித வாசகங்களும். உழைப்பு இங்கே, விலை பேசுவது வேறெங்கோ என்பதை யாரும் விளக்கவில்லை. காட்சியோடு ஒலி மோதும்போது அது தானே புரிந்துவிடுகிறது. மூச்சுவிடாமல் வர்ணனை கொட்டும் நமது தொலைக்காட்சி விவரணங்கள் இதை இன்னும் கற்கவில்லை.

ஆனால் மற்றப் பகுதிகளில் படம் சறுக்குகிறது. வர்ணனையின் பெரும்பகுதி றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து வருகிறது. வாசிப்பவர் லயனல் வெண்ட். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர் நொக்ஸ். அவருடைய சொற்களை 1934ஆம் ஆண்டு முகங்களின்மேல் போர்த்தும்போது இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டு காணாமற்போகிறது. ஒல்லாந்தர் ஆட்சியும் 1815இல் கண்டி வீழ்ந்ததும் கோப்பித் தோட்டங்களும் நடவாதவை போலாகி, மக்கள் காலமே தொடாத மனிதர்களாகிவிடுகிறார்கள். சிவனொளிபாதமலை யாத்திரையில் தொடங்கி, பொலன்னறுவைச் சிலைகளிலும் கண்டி நடனத்திலும் முடியும் படத்துக்கு நாடு என்பது அந்த வட்டம்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள் தோன்றுகிறார்கள். அவர்கள் எங்கிருந்து, ஏன் அந்த மலைக்கு வந்தார்கள் என்ற பேச்சில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே தோட்டத் தமிழருக்கு அதை எந்த அளவில் கொடுப்பது என்று சர்ச்சை நடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதற்குப் படம் காரணமென்பது அபத்தம். எனினும் நாட்டின் சித்திரத்தில் யாருக்கு இடமில்லை என்பது படத்திலும் தெரிகிறது. மட்டக்களப்பின் ஆரையம்பதியிலிருந்து பார்த்தால் இன்னொரு குறையும் உண்டு. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் வந்திறங்கியது மட்டக்களப்புக் கரையில். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்ததும் இந்த வாவியோரத்துப் புளியந்தீவுக் கோட்டையைத்தான். காலனியக் கதையில் முன்வரிசையில் நின்ற இந்தக் கரையைப் பற்றிப் படத்துக்குச் சொல்ல எதுவுமில்லை.

தேயிலைச் சபையின் காசில், ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் அதே காசில் வணிகத்தையே கேலி செய்யத் துணிந்தவர் ரைட். கொழுந்துக் கூடையின் பின்னாலிருந்த மனிதரை அவர் விட்டது தடையால் அல்ல, பார்வையால். வெள்ளையர் படத்தில் நம்மைத் தேடுவானேன், நாமே எடுப்போம் என்பது அடுத்த வாதம். நியாயம். ஆனால் கண்ணகியம்மன் கோயிலில் தொடங்கி வடமோடிக் கூத்தில் முடித்து, அடுத்துள்ள முஸ்லிம் ஊரான காத்தான்குடியைக் கண்டும் காணாமலும் கடந்துபோகும் ஒரு மட்டக்களப்புப் படம், ரைட்டின் பிழையையே தமிழில் செய்ததாகும். அப்படிப்பட்ட தூய்மைப் படங்களுக்கு இங்கே கைதட்டல் எளிதில் கிடைக்கும். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே பயிலும் இளையவர்கள் ரைட்டின் மூன்றாம் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். படம் எடுக்கக் கிளம்பும்போது முதற் கமெராவை ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவிலுள்ள எல்லை வீதியில் வைக்கட்டும்.