பத்து ராகம், ஒரே அடி

முதலில் ஸ்கோர்கார்டு. ஆல்பம்: ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. ஆண்டு: 1982. களத்தில் சரண்ஜித் சிங், பம்பாய்த் திரையிசையில் கிடாரும் சிந்தசைசரும் வாசித்துப் பழுத்த கை. துணைக்கு மூன்று ரோலண்ட் கருவிகள்: தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராகத்துக்கு ஜூபிடர்-8. வெளியானபோது விற்பனையில் படுதோல்வி. 2010இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் மறுவெளியீடு செய்ததும் மேற்கத்திய இசை உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

காரணம் சிகாகோ. 1987இல் ஃபியூச்சர் குழு ‘ஆசிட் டிராக்ஸ்’ மூலம் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்குப் பிள்ளையார் சுழி போட்டது. அதே 303, அதே நெளியும் ஒலி, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில்! அதன்பிறகு பேச்செல்லாம் ‘யார் முந்தி’ என்பதிலேயே சுற்றுகிறது. வாசிப்பு பின்னுக்குப் போய்விட்டது. அதைக் காஞ்சிபுரத்துக் கச்சேரிக் காதோடு அலசலாம்.

ராகத்தில் சிங் தேறிவிடுகிறார். பட்டியல் இந்துஸ்தானிதான் என்றாலும் நமக்கு அன்னியமில்லை. பூபாலி நம் மோகனம், மால்கௌன்ஸ் இந்தோளம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. (‘தோடி’ என்றிருப்பதைப் பார்த்து நம் தோடியை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்; அது சுபபந்துவராளி.) கீபோர்டில் ராகம் வாசித்தால் சுரங்கள் தனித்தனியாக விறைத்து நிற்கும். சிங் அதை, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஒலி வழுக்கிச் செல்லும் வசதியைக் கொண்டு சமாளிக்கிறார். கமகம் என்று சான்றிதழ் தர மனம் வராது. ஆனால் இந்தோளம், வலஜி போன்ற ஐந்து சுர ராகங்களில் இந்த வழுக்கல் சொக்க வைக்கிறது. இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்து வரும் லலித்தில் மட்டும் கொஞ்சம் அவசரம்.

சறுக்குவது லயத்தில்.

808இல் 16 பொத்தான்கள். அழுத்திய இடத்தில் அடி விழும், மற்ற இடம் மௌனம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத் தறியின் ஜக்கார்டு அட்டை மாதிரிதான்: துளை இருந்தால் இழை எழும். அந்த அட்டைகளை மாற்றி மாற்றி நெசவாளர்கள் யாளியும் அன்னமும் கொண்டுவருகிறார்கள். சிங்கோ பத்து ராகத்துக்கும் ஏறக்குறைய ஒரே அட்டையை ஓட்டுகிறார். காஞ்சிபுரமோ பாடகர் நாயனா பிள்ளையின் (1889–1934) ஊர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடையை நிரப்பி ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி செய்து, கணக்கு வழக்கில் பக்கவாத்தியக்காரர்களையே திணறடித்தவர். அவர் பாடக் கேட்டு வளர்ந்த டி.கே.பட்டம்மாள் பல்லவியில் பேர் வாங்கினார். இங்கே பழகிய காது மூன்றாவது ராகத்திலேயே அடுத்த அடியைச் சொல்லிவிடும்.

சிங் பக்கமும் நியாயம் உண்டு. தபலாவை வேண்டுமென்றே வெளியே வைத்தவர் அவர். ஆடும் கால்களுக்குக் கோர்வையும் தீர்மானமும் எதற்கு? தாளம் அசையாமல் நிற்பதால்தான் 303இன் பேஸ் அடியில் புரண்டு விளையாடுவது தெளிவாகக் கேட்கிறது. எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை வாசித்தார். 2015இல் மறைந்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம். கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி மூன்றும் கடைசியில் வரிசையாக வருகின்றன.